அகதி நோயாளியிடம் நோய்வரலாறு கேட்பது: மருத்துவ மாணவர்களுக்கு எதைக் கற்பிப்பது?

கேள்வி (மருத்துவக் கல்லூரி ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். பொது மருத்துவத் துறையில் பாடம் எடுத்துவருகிறேன். அடுத்த பருவத்தில் இறுதியாண்டு மாணவர்களுக்கு, அகதிகளாக வந்த நோயாளிகளைக் கவனிப்பது குறித்து ஆறு வகுப்புகள் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம். முதலில் நான் போட்ட திட்டம் வழக்கமானதுதான். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை யாரை அகதி என்கிறது, 2024 இறுதியில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டிருந்தவர்கள் உலகில் ஏறத்தாழ 12 கோடியே 32 லட்சம் பேர் என்ற ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்கு, அகதி என்பவருக்கும் தஞ்சம் கோருபவருக்கும் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவருக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை முதல் வகுப்பு. அடுத்த இரண்டு வகுப்புகள் தொற்றுநோய்கள். பிறகு எந்த நாட்டவருக்கு என்ன நம்பிக்கை, என்ன பழக்கம் என்று நாடுவாரியாக ஒன்று. கடைசி இரண்டும் மனநலம்.

சென்ற மாதம் புறநோயாளிப் பிரிவில் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு அந்தத் திட்டத்தை மூடிவைத்துவிட்டேன். ஓயாத தலைவலி என்று நடுவயதைக் கடந்த ஓர் அம்மையார் வந்திருந்தார். என் மாணவி ஒருவர் பாடப்புத்தக வரிசை தவறாமல் கேட்கத் தொடங்கினார்: பெயர், பிறந்த தேதி, ஊரை விட்டு எப்போது புறப்பட்டீர்கள், யாருடன் வந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள். பழைய குறிப்பேட்டில் புறப்பட்ட மாதம் வேறாக இருந்ததை அவர் கவனித்து, "சென்ற முறை மார்ச் என்று சொல்லியிருக்கிறீர்களே" என்று மென்மையாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மையார் ஒரு சொல்லும் பேசவில்லை. மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் எங்களுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலைவலியைப் பற்றி அன்று எங்களால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அந்த மாணவியின் நோய்வரலாறு கேட்கும் முறையை மதிப்பெண் தாளை வைத்து அளந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நோய்ப் பட்டியலைக் கற்பிப்பதில் பயன் உண்டா, வன்முறையையும் சித்திரவதையையும் பற்றி மாணவர் கேட்கவே கூடாதா, பன்னிரண்டு மணி நேரத்தில் எதைப் பழக்குவது என்பவை என் ஐயங்கள். இத்துறையில் நெடுங்காலம் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


முதல் பதில் (குடும்ப மருத்துவர்)

வணக்கம். தங்கள் மாணவி கேட்ட கேள்விகளை, ஏறக்குறைய அதே வரிசையில், அந்த அம்மையாரிடம் இதற்கு முன்பு யாரெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லைக் காவலர் கேட்டிருப்பார், பதிவு அலுவலர் கேட்டிருப்பார், தஞ்சக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி மணிக்கணக்கில் கேட்டிருப்பார். அங்கெல்லாம் ஒரு மாதம் மாறிப்போனால் அது "முன்னுக்குப்பின் முரண்" என்று பதிவாகும். அந்த முரணைக் காட்டியே கோரிக்கை தள்ளுபடியாவதும் உண்டு. நாம் விவரத்தைச் சரிபார்க்கிறோம் என்று நினைத்துக் கேட்கும் கேள்வி, அவர் காதில் "நீ பொய் சொல்கிறாய்" என்று விழுகிறது. அவர் காகிதங்களைப் பரப்பியதும் கைகளைத் தெரியும்படி வைத்ததும் அப்படிப்பட்ட அறைகளில் பழகிப்போன செயல்கள். எனவே முதல் வகுப்பை உடன்படிக்கைக்கும் புள்ளிவிவரத்திற்கும் கொடுக்காமல், நோய்வரலாறு எந்த இடத்தில் விசாரணையாக மாறுகிறது என்பதற்கே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு பயிற்சி உண்டு. மாணவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் வாழ்வில் நடந்த சாதாரணமான ஒன்றை, ஒரு பயணத்தையோ வீடு மாறியதையோ, நாள், நேரம், வழி, உடன் இருந்தவர்கள் என்று விலாவாரியாகக் கேட்டு எழுதச் சொல்வேன். இருபது நிமிடம் வேறு பாடம் நடத்திவிட்டு, ஆளை மாற்றி அதே கேள்விகளை வேறு வரிசையில் கேட்கச் சொல்வேன். பிறகு இரண்டு தாள்களிலும் ஒத்துப்போகாத இடங்களை உரக்கப் படிக்க வேண்டும். ஒத்துப்போகாத இடம் இல்லாத தாளை இதுவரை நான் பார்க்கவில்லை. பசியும் அச்சமும் உறக்கமின்மையும் இல்லாத பயணத்தின் நினைவே இப்படி என்றால் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு அமைதியாகிவிடும்.

பிறந்த தேதியையும் இதே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அகதிகள் மிகுதியாக வரும் மருத்துவமனையின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் எத்தனையோ பேருக்கு ஜனவரி 1 பிறந்தநாளாக இருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்குப் பதிவு அலுவலர் ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது பல நாடுகளில் வழக்கம். இதை அறியாத மாணவர் "உங்கள் பிறந்தநாள் எது" என்று கேட்டு நோயாளி தடுமாறினால், அவருக்கு நினைவாற்றல் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார். ஒரு குழந்தையின் வளர்ச்சி அட்டவணையில் இந்தத் தேதியை வைத்து எடையைக் குறித்தால், பதினொரு மாத வேறுபாடு வரைகூட வரலாம். குழந்தையின் வயது உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிவதால், ஊட்டக்குறைவு இல்லாத குழந்தைக்கும் ஊட்டக்குறைவு என்று முடிவாகிவிடும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே: ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் எதையும் கேட்காதே. "தலைவலி எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவுசெய்ய முடியும், அதனால் கேட்கிறேன், சரியான தேதி வேண்டாம், வந்த பிறகா வருவதற்கு முன்பா என்று சொன்னால் போதும்" என்று சொல்லிக் கேட்டால் அதே கேள்வி வேறொன்றாகிவிடுகிறது. காரணம் சொல்ல முயலும்போதுதான், கேட்க நினைத்த பல கேள்விகளுக்கு இன்றைய சிகிச்சையில் இடமே இல்லை என்பது மாணவருக்கே தெரியவரும். எந்த வழியாக வந்தார் என்பது தலைவலிக்கு முதல் நாளே தேவையில்லை. இன்றைய உபாதையில் தொடங்கி, அதற்குத் தீர்வாக ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அடுத்தடுத்த வருகைகளுக்கு விட்டுவைக்கலாம்.

எழுதுவதிலும் கவனம் வேண்டும். மருத்துவக் குறிப்புகள் தஞ்ச வழக்கில் கேட்டுப் பெறப்படலாம் என்பதால், "நீங்கள் சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது" என்று மாணவர் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. யார் பார்ப்பார்கள், யார் பார்க்க முடியாது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டப்படி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சிகிச்சைக்குத் தேவையில்லாத தேதி எதையும் குறிப்பில் ஏற்றக் கூடாது; தேவையானதையும் "நோயாளியின் நினைவுப்படி, ஏறத்தாழ" என்று எழுத வேண்டும். அவசரத்தில் குறித்துவைத்த ஒரு மாதம், ஈராண்டு கழித்து ஒருவருடைய கோரிக்கைக்கு எதிரான சான்றாக மேசைமேல் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை எழுதியவன் நான்தான். அந்த மாதத்தை நான் ஏன் கேட்டேன் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

நோய்ப் பட்டியல் வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் அதை நாடுவாரியாகக் கற்பித்தால் மாணவர் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார். ஒரே ஒரு புழுவை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுங்கள். ஸ்டிராஞ்சிலாய்டஸ் என்னும் குடற்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போவது. மற்ற பெரும்பாலான குடற்புழுக்களைப் போலன்றி, இது உடலுக்குள்ளேயே தன் சுழற்சியை முடித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் அதே ஆளைத் தொற்றிக்கொள்ளக் கூடியது என்பதால், மண்ணை விட்டு வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் உயிரோடு இருக்கும். இரண்டாம் உலகப்போரின்போது சயாம்–பர்மா ரயில்பாதையில் கைதிகளாக வேலை வாங்கப்பட்ட படைவீரர்களிடம், நாடு திரும்பி முப்பது ஆண்டுகள் கடந்த பிறகும் இந்தப் புழு கண்டறியப்பட்டது. நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். அவ்வப்போது ஓர் அரிப்பு, ரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளையணுக்கள் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால், எதிர்ப்பாற்றல் தளர்ந்து புழுக்கள் பெருகி, குடல் கிருமிகளைச் சுமந்துகொண்டு உடலெங்கும் பரவி உயிரையே பறித்துவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஐவர்மெக்டின் மாத்திரை போதும். அந்த மாத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. நடு ஆப்பிரிக்கக் காடுகளில் பரவும் லோவா புழு ரத்தத்தில் மிகுதியாக உள்ளவருக்கு ஐவர்மெக்டின் மூளையைப் பாதிக்கும் ஆபத்து உண்டு. ஆக, எங்கே பிறந்தார், எங்கெங்கே தங்கினார் என்ற கேள்விக்கு இங்கே உயிரைக் காக்கும் காரணம் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிக் கேட்டால் நோயாளி சொல்வார்.

காசநோய், ஹெபடைடிஸ் பி, குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயத்தின் அளவு, விடுபட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றுக்கு முறையான வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, மாணவர்கள் படித்துக்கொள்வார்கள். அவர்கள் தவறவிடுவது இவற்றைவிடச் சாதாரணமான ஒன்றை. முகாமிலும் வழியிலும் மாதக்கணக்கில் ரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலினும் கிடைக்காமல் இருந்தவர்களை, "அகதி நோய்" தேடும் ஆர்வத்தில் விட்டுவிடுகிறார்கள்.

நாடுவாரியான பழக்கவழக்க வகுப்பை எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஒரு நாட்டிலிருந்து வந்த பேராசிரியரும் அதே நாட்டின் மேய்ச்சல்காரரும் ஒரே பக்கத்தில் அடங்கமாட்டார்கள். அதற்கு மாற்றாக, மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் அவருடைய சகாக்களும் 1978-இல் முன்வைத்த கேள்விகளைப் பழக்கலாம்: இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது தொடங்கியது, இதில் உங்களுக்கு மிகுந்த அச்சம் தருவது எது. தென்கிழக்கு ஆசியாவின் சில சமூகங்களில் காய்ச்சலுக்கு நாணயத்தால் தேய்ப்பதால் முதுகில் வரிவரியாக ஏற்படும் சிவந்த தடங்களைப் பார்த்து, குழந்தையை அடித்திருக்கிறார்கள் என்று பெற்றோர்மேல் பழி போட்ட மருத்துவர்கள் உண்டு. நாட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்யாதவரும் "இது எப்படி வந்தது, எதற்காகச் செய்தீர்கள்" என்று கேட்டிருந்தால் அந்தப் பழி வந்திருக்காது.


இரண்டாம் பதில் (மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்)

வணக்கம். கேள்வியில் அன்று மொழிபெயர்த்தவர் யார் என்று சொல்லப்படவில்லை. மருத்துவர்கள் எழுதும்போது நாங்கள் பெரும்பாலும் இப்படித்தான் காணாமல் போகிறோம் என்பதை வருத்தத்துடன் சொல்லிக்கொண்டு, ஒரு முழு வகுப்பை மொழிபெயர்ப்பாளருடன் வேலை செய்வதற்கு ஒதுக்கும்படி வேண்டுகிறேன்.

2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தை நோயாளிகளைப் பார்த்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன; அவற்றில் 63 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக் கூடியவை. பயிற்சி பெறாத உறவினரோ ஊழியரோ மொழிபெயர்த்தபோது அந்த விகிதம் 77 ஆக இருந்தது. மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் செய்தபோது 53. எங்களிடமும் பிழை உண்டு என்பதை அந்த எண்ணே சொல்கிறது, அதையும் மறைக்காமல் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 1980-இல் ஃபுளோரிடாவில் நினைவிழந்து கொண்டுவரப்பட்ட பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் குடும்பத்தார், உண்ட உணவு கெட்டு உடம்புக்கு ஆகாமல் போய்விட்டது என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் "இன்டாக்ஸிகாடோ" என்று சொன்னதை, மருத்துவர்கள் போதை மருந்து உட்கொண்டவர் என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கைகால்கள் நான்கும் செயலிழந்தன.

மாணவர்களுக்குப் பழக்க வேண்டியவை கையோடு பழக வேண்டியவை. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். என் முகத்தைப் பார்த்து "இவருக்கு எத்தனை நாளாக வலி என்று கேளுங்கள்" என்று சொல்லக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். நான் நோயாளியின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியும். நோயாளி இரண்டு நிமிடம் பேசி நான் ஒரே சொல்லில் முடித்தால், என்னை நிறுத்தி முழுவதையும் சொல்லக் கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அதைத் தயங்காமல் செய்ய வேண்டும். கடைசியில் "புரிந்ததா" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். மாத்திரையை எப்போது, எத்தனை எடுத்துக்கொள்வீர்கள் என்று நோயாளியின் வாயால் சொல்லக் கேட்க வேண்டும்.

நோயாளியின் மொழி பேசுபவர் என்பதாலேயே ஒருவர் ஏற்றவராகிவிடமாட்டார். உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவருக்கு, என் பேச்சுவழக்கைக் கேட்டதுமே நான் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்று தெரிந்துவிடும். சிறிய சமூகம் என்றால் நான் அவருடைய உறவினருக்குத் தெரிந்தவனாக இருப்பேன். என்னை வெளியே அனுப்பிவிட்டு, தொலைபேசி வழியாக முன்பின் தெரியாத வேறொருவரை வைத்துக்கொள்ளலாமா என்று நோயாளியிடம் கேட்கும் வழியை மாணவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எனக்கு அதில் மனவருத்தம் எதுவும் இல்லை.

குழந்தைகளை மொழிபெயர்க்கவைப்பது பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு தாய்க்குக் கருப்பையில் ஏற்பட்ட ரத்தப்போக்கைப் பற்றி அவருடைய பதினொரு வயது மகன் மருத்துவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறைக்குள் தாமதமாக நுழைந்தேன். மாதவிடாய் என்பதற்குரிய சொல் அந்தச் சிறுவனுக்கு இரண்டு மொழியிலும் தெரியாது. "அம்மாவுக்குக் காயம்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கே காயம் என்று மருத்துவர் கேட்டபோது, அந்தத் தாய் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தார்.


மூன்றாம் பதில் (மனநல மருத்துவர்)

முதல் பதிலின் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் வேறுபட வேண்டியிருக்கிறது. "தேவையில்லாததைக் கேட்காதே" என்ற பாடத்தைக் கேட்கும் மாணவர்கள், தங்களுக்கே கேட்க அச்சமாக இருப்பதைத் தேவையில்லாதது என்று வகைப்படுத்திக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளங்காலில் அடிவாங்கியவர் ஆண்டுக்கணக்கில் "நடந்தால் பாதம் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்குவார். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. குதிகாலின் கொழுப்புத் திண்டு அடியினால் சிதைந்து தட்டையாகியிருக்கும் என்பதை அறிந்த ஒருவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். யாரும் கேட்காதபோது, இங்கே இதைப் பேசக் கூடாது போலும் என்று நோயாளி எடுத்துக்கொள்கிறார்.

கேட்கும் விதம் இப்படி இருக்கலாம்: "உங்கள் நாட்டிலிருந்தும் வேறு பல நாடுகளிலிருந்தும் வருபவர்களில் சிலர் அடிக்கப்பட்டிருக்கிறார்கள், சிறையில் துன்புறுத்தப்பட்டிருக்கிறார்கள். அதன் விளைவுகள் உடம்பில் தங்கிவிடுவதால் கேட்கிறேன். அப்படி ஏதேனும் நடந்திருந்தால், இன்று சொல்ல வேண்டும் என்பதில்லை. சொல்ல விரும்பும்போது கேட்க நாங்கள் இருக்கிறோம்." ஆம், இல்லை என்ற அளவில் தெரிந்தால் மாணவருக்குப் போதும். முழுக்கதையைக் கேட்டு வாங்குவது மாணவரின் வேலை அன்று. அதற்கென்று நேரமும் பயிற்சியும் தொடர்ந்து பார்க்கும் வசதியும் உள்ளவரிடம் அனுப்ப வேண்டும். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கு ஐ.நா. ஏற்றுக்கொண்ட இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. 1999-இல் உருவான அது 2022-இல் திருத்தப்பட்டது. ஒரு தழும்பு சொல்லப்பட்ட சம்பவத்தோடு எந்த அளவு பொருந்துகிறது என்பதை, பொருந்தவில்லை என்பது முதல் வேறெதனாலும் ஏற்பட்டிருக்க முடியாது என்பது வரை ஐந்து படிகளில் அது வகுத்துச் சொல்கிறது. மாணவர்கள் அந்த ஐந்து படிகளைத் தெரிந்துகொண்டாலே, "பழைய தழும்பு, குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை" என்று எழுதிவிட்டுப் போகமாட்டார்கள்.

சொல்லாமலேயே கவனிக்க வேண்டியவையும் உண்டு. மின்சாரம் பாய்ச்சி வதைக்கப்பட்டவரின் மார்பில் ஈசிஜிக் கம்பிகளை ஒட்டப்போகும்போது, இது உடம்பிலிருந்து வரும் துடிப்பைப் பதிவுசெய்வது மட்டுமே, உள்ளே எதையும் அனுப்பாது என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு கம்பியை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். கதவுக்கும் நோயாளிக்கும் நடுவில் நாம் உட்காரக் கூடாது. சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு முன்பு காரணம் சொல்ல வேண்டும். இவற்றை எல்லா நோயாளிகளிடமும் செய்துவிட்டால், யார் வதைபட்டவர் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வகுப்பில் இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லுங்கள். போர் நடந்த பகுதிகளின் மக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. மிகப் பெரிய சுமைதான். ஆனால் மற்ற நால்வரையும் மாணவர்கள் நோயாளிகளாகவே பார்க்கத் தொடங்கினால் அதுவும் கேடு. என்னிடம் அனுப்பப்படுபவர்களில் பலரை உறங்கவிடாமல் செய்வது போர்க்காட்சிகளைக் காட்டிலும், முடிவு தெரியாமல் நீளும் தஞ்ச விண்ணப்பமும், வேலை செய்ய அனுமதி இல்லாத நாள்களும், வேறொரு நாட்டில் மாட்டிக்கொண்ட மகளும்தான். அதற்கு மாத்திரை எழுதுவதைவிட, வழக்கறிஞருக்கு ஒரு கடிதமும் குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் அமைப்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் கூடுதலாக உதவியிருக்கின்றன.

மாணவர்களையும் மறந்துவிடாதீர்கள். இத்தகைய ஒரு கதையைக் கேட்டவர் அன்று மாலையே யாரிடமாவது பேச வேண்டும். அதற்கான அரை மணி நேரத்தை அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். "தேவைப்பட்டால் வாருங்கள்" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.


நான்காம் பதில் (பயிற்சி மருத்துவர்)

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எட்டு வயதில் பெற்றோருடன் அகதியாக வந்தவள் நான். இப்போது மருத்துவப் படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சியில் இருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு வகுப்பில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், உங்கள் அனுபவத்தைச் சக மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்று என்னை எழுப்பினார்கள். நல்லெண்ணத்தில் கேட்டது என்று தெரியும். ஆனாலும் படகில் எத்தனை பேர் இருந்தோம், யார் இறந்தார்கள் என்று ஐம்பது பேர் முன்னால் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகு, நான் அதுவரை இருந்த மாணவியாக அந்த வகுப்பில் இருக்க முடியவில்லை.

அகதிகளாக வந்தவர்களை வகுப்புக்கு அழையுங்கள். ஆனால் ஆசிரியர்களாக, உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள். என்ன நடந்தது என்று கேட்காமல், மருத்துவமனையில் எந்த இடத்தில் வழி தெரியாமல் நின்றீர்கள், எந்தச் சொல் புரியவில்லை, எந்த மருத்துவரிடம் திரும்பப் போகத் தோன்றியது, ஏன் என்று கேளுங்கள். என் தாயாரைக் கேட்டால், பெயரைச் சரியாக உச்சரிக்கும்வரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்ட ஒரு செவிலியரைப் பற்றித்தான் இன்றும் சொல்வார். உங்கள் மாணவர்களுக்கு நடுவிலேயே என்னைப் போன்றவர்கள் இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துப் பாடத்தை அமையுங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

நான்கு பேருக்கும் என் நன்றி. அன்று மொழிபெயர்த்தவர் அந்த அம்மையாரின் மைத்துனர் என்பதை நான் எழுதாமல் விட்டது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. மைத்துனர் முன்னிலையில் ஒரு பெண் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன். முதல் வகுப்பு தேதிப் பயிற்சி. இரண்டாவதை மொழிபெயர்ப்பாளர் ஒருவரே நடத்துவார், நான் மாணவர்களோடு உட்காருவேன். மூன்றாவதில் அந்தப் புழுவை வைத்துக்கொண்டு தொற்றுநோய்களும், மருந்து விடுபட்ட நாள்பட்ட நோய்களும். நான்காவது வன்முறையின் தடங்களைக் கேட்பதும் பரிசோதிப்பதும். முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு. ஐந்தாவதை அகதிகளாக வந்தவர்கள் ஆசிரியர்களாக வந்து நடத்த வேண்டும், அதற்கான ஊதியத்தைத் துறையிடம் கேட்டிருக்கிறேன். ஆறாவது, மாணவர்கள் நோயாளியைப் பார்ப்பதை நான் அருகிலிருந்து கவனிப்பது. அகதிகளையும் புலம்பெயர்ந்தவர்களையும் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு வேண்டிய திறன்களை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொகுத்து வெளியிட்ட தரநிலைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆண்டிறுதிச் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் தாள் பழையதுதான். பிறந்த தேதி கேட்டாரா, பயண விவரம் கேட்டாரா, கேட்ட விவரங்களைப் பழைய குறிப்போடு ஒப்பிட்டாரா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இருக்கிறது. நாங்கள் கற்றுக்கொடுப்பதைச் செய்யும் மாணவர் தேர்வில் மதிப்பெண் இழப்பார். மாணவர்கள் தேர்வுக்குத்தான் படிப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே.


முதல் பதில் எழுதியவரின் மறுமொழி

அந்தத் தாளை மாற்றாவிட்டால் ஆறு வகுப்புகளும் வீண் என்பது உண்மை. முழுத் தாளையும் மாற்றத் தேர்வுக்குழு இணங்காது என்றால், மூன்று வரிகளை மட்டும் மாற்றக் கேளுங்கள். "பயண விவரம் கேட்டாரா" என்பதை "பயண விவரம் கேட்பதற்கு முன் காரணம் சொன்னாரா, தேவையில்லாதபோது கேட்காமல் விட்டாரா" என்று மாற்றலாம். "பழைய குறிப்போடு ஒப்பிட்டாரா" என்ற இடத்தில், வேறுபாடு கண்டால் நோயாளியைக் குற்றம் சாட்டாத விதத்தில் கையாண்டாரா என்று வரட்டும். மூன்றாவதாக, நோயாளி பேச்சை நிறுத்தியபோது மாணவரும் நிறுத்தினாரா என்பதற்கு ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை நோயாளியாக நடிப்பவரே போட வேண்டும். தேர்வாளர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. எங்கள் கல்லூரியில் இந்தக் கடைசி வரியைச் சேர்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அறையில் நிலவும் அமைதிக்கு மதிப்பெண் கொடுப்பதா என்று குழுவில் கேட்டார்கள். நோயாளியாக நடித்தவர்களைக் குழுவுக்கு நேரில் வரவழைத்து, எந்த மாணவரிடம் ஏன் பேச முடிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அந்த அம்மையாருக்கு மறுபடியும் ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். மைத்துனரைக் காத்திருப்பு அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதே மாணவியே பார்க்கட்டும். பழைய குறிப்பேட்டை மேசைமேல் விரித்துவைக்க வேண்டாம், தலைவலியிலிருந்து தொடங்கட்டும்.